கடற்காக எச்சத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவைக் கண்டறியும் முறை

குப்பைமேடுகளிலும் கழிவுநீர் கலக்கும் முகத்துவாரங்களிலும் இரைதேடும் கடற்காகங்களின் குடலில் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா குடியேறுவதுண்டு, இதை அறியப் பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை, எச்சமே போதும்.

கூட்டம் பறந்து சென்றவுடன், கையுறை அணிந்து, ஈரம் காயாத எச்சத்தின் நடுப்பகுதியை மட்டும், மணல் ஒட்டாமல், கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியால் தொட்டெடுக்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டுவது பெரும்பாலும் வீண்வேலை. ஒரே பறவையின் எச்சம் இருமுறை சேராதபடி மாதிரிகளுக்கிடையே சில மீட்டர் இடைவெளி விடவும். 4 டிகிரி செல்சியஸ் குளிரில், இயன்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கவும்.

அங்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மெக்கான்கி அகாரில் (குடல் பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம்) பூசி, 37 டிகிரியில் ஓரிரவு வைத்தால், அம்மருந்தை எதிர்க்கும் ஈ.கோலை இளஞ்சிவப்புத் திட்டுகளாக வளரும், அது ஈ.கோலைதானா என்பதைத் தனிச் சோதனையால் உறுதிசெய்த பிறகே முடிவைப் பதிய வேண்டும்.