தமிழை வைத்துக் கொரியன் படியுங்கள்: பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறவர்களுக்கு

கொரியாவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மொழி படிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கொரியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். தமிழ் தெரிந்தவருக்கு அது சுற்றுவழி. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதித் தூரம் குறையும்.

முதல் படி: எழுத்து. ஒரு வாரம் போதும்.

ஹங்குல் எழுத்தை 1443இல் மன்னர் செஜோங் உருவாக்கினார், 1446இல் மக்களுக்கு அறிவித்தார். அடிப்படை மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து ஓர் அசை ஆகும், நம் உயிர்மெய் மாதிரியே.

உச்சரிப்பில்தான் நமக்கு அதிர்ஷ்டம். தமிழில் 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் ஒரே 'ப'தான், ஆனால் ஒலி வேறு. கொரியனிலும் அப்படியே. கணவன் மனைவியைச் சேர்த்துச் சொல்லும் 'புபு' என்ற சொல்லில் இரண்டும் ஒரே எழுத்து, முதலாவது 'பல்' போல ஒலிக்கும், இரண்டாவது 'தம்பி' போல. ஆங்கில எழுத்தில் படிப்பவர் இங்கே p-யா b-யா என்று குழம்புவார், நாம் குழம்ப வேண்டியதில்லை. அதேபோல வெளிநாட்டு மாணவர்கள் பலர் திணறும் ஓர் உயிரொலி, நம் 'பாட்டு', 'அது' கடைசியில் வரும் குற்றியலுகரம்தான். பஸ்ஸை நாம் 'பஸ்ஸு' என்பது போல அவர்களும் அந்த ஒலியைச் சேர்த்து 'பொஸு' என்கிறார்கள்.

நமக்குச் சிரமம் வேறு இடத்தில். க, த, ப, ச ஒவ்வொன்றுக்கும் சாதாரணம், மூச்சு விட்டுச் சொல்வது, இறுக்கிச் சொல்வது என்று மூன்று வகை உண்டு, மூன்றும் தனித்தனி எழுத்து. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பழகுங்கள், மூச்சுள்ள ஒலிக்குக் காற்று கையில் படும். அப்புறம், சோற்றுக்குச் சொல்லும் 'பப்' உதடு மூடியதோடு முடிந்துவிட வேண்டும். நம் வாய் தானாக 'பப்பு' என்று இழுக்கும், விடாதீர்கள்.

இரண்டாம் படி: வாக்கியத்தைத் தமிழில் யோசியுங்கள்.

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன். 'சொனுன் ஹக்க்யோஎ காயோ' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. சொல் வரிசை அப்படியே தமிழ். அந்த 'எ' நம் 'கு' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. 'மொகொ பொசேயோ' என்றால் 'சாப்பிட்டுப் பாருங்கள்', 'மொகொ' சாப்பிட்டு, 'பொசேயோ' பாருங்கள். கண்ணால் பார்ப்பது இல்லை, முயன்று பார்ப்பது, தமிழில் உள்ள அதே பொருள். 'ஸொ ஜுசேயோ' என்றால் 'எழுதித் தாருங்கள்'. 'ஒஜே ஸான் சேக்' என்றால் 'நேற்று வாங்கிய புத்தகம்'. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவது நமக்கு இயல்பு. இப்படி நாளுக்குப் பத்து வாக்கியம், கொரியனுக்கு நேர் கீழே தமிழில் எழுதி ஒரு நோட்டை நிரப்புங்கள்.

இன்னொரு வசதி, வினையில் ஆள் விகுதி கிடையாது. நான், நீ, அவள் எல்லோருக்கும் 'காயோ' போதும். ஆனால் மரியாதை உண்டு. பெரியவர்கள் போனால் 'காசேயோ', அவர்கள் சாப்பிடும் சோறு 'பப்' இல்லை, 'ஜின்ஜி'. ஆசிரியரை 'சொன்செங்நிம்' என்றுதான் அழைக்க வேண்டும், 'நொ' என்றால் 'நீ' என்று முகத்துக்கு நேரே சொன்னது போல.

'அப்பா' இரண்டு மொழியிலும் அப்பாதான், 'நா' என்றால் நான்தான். அதை வைத்துக் கொரியன் தமிழிலிருந்து பிறந்தது என்று சிலர் சொல்வதை மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, அமைப்பு ஒத்துப்போவதே நமக்குப் பெரிய உதவி.

மூன்றாம் படி: எங்கே சேர்வது.

கொரியாவின் பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கென்று தனி மொழி நிறுவனம் இருக்கிறது, 'ஒஹக்தாங்' என்பார்கள். சியோலில் யோன்செ பல்கலைக்கழகத்தின் நிறுவனம் 1959இலிருந்து நடக்கிறது. சோகாங் பல்கலைக்கழகம் பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. மொழிப் படிப்புக்கு டி-4 விசா, பட்டப்படிப்புக்கு டி-2. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு போடும் முத்திரை, கேட்பார்கள், அந்த வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். முதல் ஓராண்டு மொழி மட்டும், அதற்குள் டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் 3ஆம் நிலை எட்டினால்தான் பட்டப்படிப்புக்குள் போக முடியும். ஊரிலேயே தொடங்க நினைப்பவர்களுக்குச் சென்னையில் இன்கோ மையம் கொரியன் கற்பிக்கிறது. டில்லி ஜேஎன்யூவில் பட்டமே வாங்கலாம்.

நான்காம் படி: வகுப்பு.

பெரும்பாலும் ஆறு நிலைகள், ஒரு நிலைக்குப் பத்து வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். ஆக ஒரு நிலைக்கு 200 மணி நேரம். முதல் நாளிலிருந்தே கொரியனில்தான் பாடம் நடக்கும், அதனால்தான் எழுத்தை முடித்துவிட்டுப் போங்கள் என்கிறேன். வருகைப் பதிவில் அலட்சியம் வேண்டாம், 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்ச்சியும் இல்லை, விசாவுக்கும் ஆபத்து.

சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். சீன வேர் கொண்ட சொற்கள் ஏராளம், வேரைப் பிடித்தால் கொத்தாக வரும். 'ஹக்' என்றால் கல்வி. 'ஹக்க்யோ' பள்ளி, 'ஹக்ஸேங்' மாணவர், 'தேஹக்' பல்கலைக்கழகம், 'ஹக்கி' பருவம். எண்களும் இரண்டு வகை. 3.30ஐச் சொல்லும்போது மணிக்குக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வழி எண், 'சே ஷி சம்ஷிப் புன்'. இதைக் கேள்வி கேட்காமல் பழகிக்கொள்வதே நல்லது.

ஐந்தாம் படி: டோபிக்.

இதில் இரண்டு தேர்வுகள். முதல் தேர்வு (டோபிக் 1) 200 மதிப்பெண்ணுக்கு, 80 எடுத்தால் 1ஆம் நிலை, 140 எடுத்தால் 2ஆம் நிலை. இரண்டாம் தேர்வு (டோபிக் 2) 300க்கு, அதில் 120, 150, 190, 230 எடுத்தால் முறையே 3, 4, 5, 6ஆம் நிலை. பல இடங்களில் பட்டப்படிப்பில் சேர 3ஆம் நிலையும், முடிக்க 4ஆம் நிலையும் கேட்கிறார்கள். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், அதனால் விண்ணப்பிக்கும் தேதியைப் பார்த்து எழுதுங்கள்.

கேட்பதையும் படிப்பதையும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள், பலர் விழுவது இரண்டாம் தேர்வின் எழுத்துப் பகுதியில். நான்கே கேள்விகள். கடைசிக் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துக்குள் ஒரு கட்டுரை, கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் அசை. வகுப்பில் பேசிப் பழகிய 'யோ' முடிவை இங்கே போடக் கூடாது, 'தா' என்று முடியும் எழுத்து நடைதான் வேண்டும். 3ஆம் நிலை வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே கட்டத் தாள் வாங்கி, வாரம் ஒரு கட்டுரை கையால் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.