மணல் நண்டுக்குள்ள வாத்துப் புழு: தேடிப் பாக்குறது எப்படி

கலிஃபோர்னியா பீச் பக்கம் இருக்கறவங்களுக்கு இது. சர்ஃப் ஸ்கோட்டர்னு ஒரு கடல் வாத்து இருக்கு, கனடா அலாஸ்கா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு இந்தக் கரைக்கு வந்துரும், அதோட குடல்ல இருக்குற முள்தலைப் புழுவைப் பாக்கணும்னா வாத்தைத் தொடவே வேண்டாம், காலடில மணலுக்குள்ள இருக்குற நண்டைப் பாத்தா போதும்.

கதை இப்படி. புழு வாத்துக் குடல்ல முள்ளுத் தலையைக் குத்திக்கிட்டு முட்டை போடும், அது எச்சத்தோட அலையில கலக்கும், மணல் நண்டு மீசையால தண்ணிய வடிச்சுத் தின்னும்போது முட்டையும் உள்ள போயிரும், குஞ்சுப் புழு நண்டு வயித்துக்குள்ள காத்துக்கிட்டே இருக்கும், வாத்தோ கடல்காக்காவோ நண்டைத் தின்னா மறுபடி முதல்லேர்ந்து. இதுல மாட்டிக்கிறது பாவம் கடல் நீர்நாய்தான். அதுவும் இதே நண்டைத் தின்னும், ஆனா அதோட உடம்புல இந்தப் புழுவால குடும்பம் நடத்த முடியாது, குடலை ஓட்டை போட்டு வெளிய வந்துரும், வயிறு முழுக்க சீழ் பிடிச்சு செத்துக்கூடப் போகும்.

சரி, வேலைக்கு வருவோம். 16 வயசு ஆயிருந்தா ஃபிஷிங் லைசென்ஸ் வேணும், பாதுகாக்கப்பட்ட பீச்ல எடுக்கவே கூடாது, போர்டைப் படிச்சுட்டு இறங்குங்க. கோடைல போறது நல்லது. அலை திரும்பிப் போகும்போது ஈர மணல்ல குட்டி குட்டியா வி ஷேப் தெரியும், அதுதான் மீசை, அதுக்குப் பின்னாடி கைய விட்டு ஒரே அள்ளா அள்ளணும், யோசிச்சா போயிரும், பின்பக்கமாவே தோண்டிக்கிட்டு இறங்குற ஜாதி அது. கொடுக்கு கிடையாது, கடிக்காது. (மெரினாலயும் இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், சின்ன வயசுல நாம தோண்டுனதுதான்.) பெரிய நண்டா நாலஞ்சு எடுங்க, வயசான நண்டுலதான் புழு அதிகமா சேர்ந்திருக்கும். வாலுக்கடில ஆரஞ்சா முட்டை இருந்தா திருப்பி விட்டுருங்க, மனசு கேக்காது.

வீட்டுக்கு வந்து ஃப்ரீஸர்ல போட்டுருங்க, உயிரோட அறுக்க வேண்டாம். அப்புறம் கிளவுஸ் போட்டுக்கிட்டு சின்ன கத்திரியால ஓட்டோட ரெண்டு ஓரத்தையும் வெட்டி மூடி மாதிரி தூக்குங்க. குடலைச் சுத்தி, அரிசிக் குருணை மாதிரி வெள்ளையா கொழுகொழுன்னு இருந்தா அதுதான். கறுப்பு தட்டுல வச்சா பளிச்சுனு தெரியும், நான் முதல் தடவை வெள்ளைத் தட்டுல வச்சு அரை மணி நேரம் முழிச்சேன்.

நல்ல பகுதி இனிமேதான். ட்வீசரால எடுத்து சாதா குழாய்த் தண்ணில போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வைங்க (டப்பா மேல எழுதி ஒட்டிருங்க, வீட்டுல சண்டை வேண்டாம்). உப்பில்லாத தண்ணி உள்ள ஏறி ஏறி புழு உப்பி, உள்ள சுருட்டி வச்சிருந்த தலை வெளிய நீட்டிக்கலாம், நீட்டிக்கிச்சுன்னா லென்ஸ் வச்சுப் பாத்தா வரிசையா கொக்கி. அதப் பாத்தப்புறம்தான் நீர்நாய் குடல் ஏன் கிழியுதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

இந்த நண்டை வறுத்துச் சாப்பிடலாமான்னு கேக்காதீங்க, புழுவை விடுங்க, கடல் பாசி விஷமும் இதுல சேரும். கரைல வாத்தோ நீர்நாயோ செத்துக் கிடந்தா தொடாதீங்க, பறவைக் காய்ச்சல் காலம் வேற, நாயையும் கிட்ட விடாதீங்க.

நோட்ல தேதி, பீச், நண்டு எத்தன மில்லிமீட்டர், உள்ள எத்தன புழுன்னு எழுதுங்க. புழுவே இல்லாத நண்டுக்கும் பூஜ்யம் போட்டு எழுதணும், இல்லன்னா கணக்கு தப்பாயிரும்.