பழைய வட்டைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்: எஸ்எஸ்டிக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் பிழைப்பு. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கில் யாருடைய கணினி படுத்துக்கொண்டாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு இப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல், சிம் லிம் ஸ்குவேர் மின்பொருள் கடைத்தொகுதிக்குப் போய் ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு வட்டு) வாங்கி, அதில் விண்டோஸ் 11-ஐப் போட்டுக்கொள்கிறார்கள். முடிவு நல்லதுதான். ஆனால் அதைச் செய்யும் விதத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே குழியில் ஒவ்வொருவராக வந்து விழுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காப்பு நகல் எடுங்கள், திருகாணியைத் தொலைக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாங்கும்போதே நடக்கும் பிழை

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அன்று. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அதே பட்டையில் சாட்டா வகையும் வரும், என்விஎம்இ வகையும் வரும். இரண்டும் வட்டு கணினியோடு பேசும் முறைகள். சாட்டா நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். பிசிஐஇ 4.0 இணைப்பில் ஓடும் என்விஎம்இ 7,000 மெகாபைட் வரை எட்டும். இரண்டில் எதை உங்கள் தாய்ப்பலகை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முனையில் எத்தனை வெட்டுகள் இருக்கின்றன என்று எண்ணி வகையைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அது எப்போதும் பொருந்தாது. பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்புங்கள்.

1 டெராபைட் ஏன் 931 ஜிகாபைட்டாகத் தெரிகிறது

கணக்கிடும் முறை வேறு: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பழைய வட்டு உள்ளே இருக்கும்போதே விண்டோஸை நிறுவுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் தன் கணினியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். “அண்ணே, புது எஸ்எஸ்டி கெட்டுவிட்டது. கடையில் மாற்றித் தருவார்களா?” என்று கேட்டார். இரண்டு மாதமாக நன்றாக ஓடிய கணினி. முதல் நாள் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இணையத்தில் 25 வெள்ளிக்கு விற்றிருக்கிறார். வாங்கியவர் வந்து எடுத்துப்போன பிறகு கணினியைத் தட்டினால், கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற ஒற்றை வரி.

எஸ்எஸ்டி கெடவே இல்லை. கணினி உயிர்பெறும்போது முதலில் தேடுவது விண்டோஸை அன்று; வட்டில் ஈஎஃப்ஐ பகுதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு சின்ன இடத்தை. பெரும்பாலும் 100 மெகாபைட் அளவுதான் இருக்கும். விண்டோஸ் எங்கே இருக்கிறது, அதை எப்படி எழுப்புவது என்ற தகவல் அதற்குள்தான் இருக்கிறது. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவும்போது, அப்படி ஒரு பகுதி பழைய வட்டில் ஏற்கெனவே இருந்தால், நிறுவும் நிரல் பெரும்பாலும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். புதிதாக ஒன்றை உருவாக்காது. புது வீட்டில் குடியேறிவிட்டுச் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவைத்ததற்கு ஒப்பானது இது. பழைய வட்டு உள்ளே இருக்கும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். அது போன அன்று சாவியும் போய்விடும். இப்படிச் செய்யப்போகிறேன் என்று அந்த நிரல் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. என் கோபம் அதன்மேல்தான்.

இதுவரை எதுவும் தொலையவில்லை என்பதைக் கவனியுங்கள். கோப்புகள் எல்லாம் எஸ்எஸ்டியில் அப்படியே இருக்கின்றன. அழிவு வருவது அடுத்த படியில். கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி, எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடியும் நிறுவுகிறார்களே, அங்கேதான் எல்லாம் போகிறது.

நான் அதைத்தான் செய்தேன். 2014-இல் தேக்காவில் மாமா நடத்திய மளிகைக் கடைக் கணினியில் விண்டோஸ் 7-ஐ எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். அப்போது அந்தச் சின்னப் பகுதிக்குச் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்று பெயர், நடந்தது இதேதான். மூன்று மாதம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தமிட்டு நின்றுபோனது. கணினி எழவில்லை. எஸ்எஸ்டியும் சேர்ந்து போய்விட்டது என்று நினைத்து, அதிலிருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுவினேன். மூன்று மாதக் கொள்முதல் கணக்கு அதில் இருந்தது. மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை வடிவமைத்தால் (ஃபார்மேட் செய்தால்), ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று டிரிம் கட்டளை உள்ளே போய்விடும். வட்டு அதைக் காலிசெய்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததைத் தோண்டி எடுப்பதுபோல் இதில் எடுக்க முடியாது. மூன்று வாரக் கடைசிகள் மாமாவும் நானும் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கம்பியில் குத்திவைத்திருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவி எண்களைத் தட்டச்சு செய்தோம். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீதுகள் பல அதற்குள் மங்கிப்போயிருந்தன. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அந்த மாணவர் நல்லவேளையாக எதையும் அழிக்கவில்லை. விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியைச் செருகிக் கணினியைத் தொடக்கி, ஷிஃப்ட் விசையையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்தேன். டிஸ்க்பார்ட் கருவியால் சி பகுதியைச் சற்றுச் சுருக்கி, கிடைத்த இடத்தில் 260 மெகாபைட்டுக்கு ஓர் ஈஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, ஃபேட்32-ஆக வடிவமைத்து, தொடக்கக் கோப்புகளை அதில் எழுதும் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அவருடைய திரை எழுந்தது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அந்த யூஎஸ்பி சூழலில் உங்கள் விண்டோஸ் சி என்ற எழுத்தில்தான் இருக்கும் என்பதில்லை. டி-யாகவும் இருக்கலாம், ஈ-யாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டே கட்டளையைக் கொடுங்கள்.

இவ்வளவும் தேவைப்படாமல் இருக்க ஒரே வழி: நிறுவுவதற்கு முன் பழைய வட்டின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். எம்.2 என்றால் கழற்றி மேசையில் வையுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஈஎஃப்ஐ பகுதி எந்த வட்டின் வரிசையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். விண்டோஸ் இருக்கும் வட்டில் அது இல்லையென்றால், பழைய வட்டில் கை வைக்காதீர்கள்.

குளோன் எடுத்தபின் இரண்டையும் உள்ளே வைத்திருப்பது

குளோன்சில்லா போன்ற கருவியால் நகலெடுத்தால் இரண்டு வட்டுகளுக்கும் ஒரே அடையாள எண் வந்துவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு தொடங்கினால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவைக்கும். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: கணினி பழைய வட்டிலிருந்தே எழுந்திருக்கும், நீங்கள் புதியது என்று நினைத்து ஒரு வாரம் அதிலேயே வேலை செய்வீர்கள், பிறகு ‘பழையது’ என்று அதையே துடைப்பீர்கள். நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே முதல் முறை தொடக்குங்கள்.

சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு நகலெடுத்தவர்கள் சிலருக்கு நீலத்திரை வரும். பெரும்பாலும் ஒருமுறை சேஃப் மோடில் (அடிப்படை நிரல்களோடு மட்டும் எழும் முறையில்) தொடக்கினாலே விண்டோஸ் புதிய வட்டை அடையாளம் கண்டுகொள்ளும்.

பிட்லாக்கர் சாவி

இப்போது பல மடிக்கணினிகளில், நீங்கள் கேட்காமலே விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது; அதாவது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. வட்டில் கை வைத்தபின் நீலத்திரை ஒன்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேலையைத் தொடங்குமுன் அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்தால் பயனில்லை. அது பிள்ளையின் பழைய பள்ளி மின்னஞ்சலோடு இணைந்த கணக்காக இருந்தால், அந்தக் கணக்கு இன்னும் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்பிஆர், ஜிபிடி

எம்பிஆர், ஜிபிடி இரண்டும் வட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறைகள்; எம்பிஆர் பழையது. விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ என்ற புதிய வகைத் தொடக்க முறை. அதற்கு வட்டு ஜிபிடியாக இருக்க வேண்டும். பழைய முறையிலிருந்து மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

சாகக் கிடக்கும் வட்டை முழுதாக நகலெடுப்பது

பழைய வட்டு சத்தமிடுகிறது, கோப்பைத் திறந்தால் உறைந்துபோகிறது என்றால், முதலில் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். முழு நகல், வட்டுச் சோதனை எல்லாம் பிறகு. மணிக்கணக்கில் ஓடும் சோதனையிலேயே அந்த வட்டின் மிச்ச உயிர் போய்விடலாம்.

சார்ஜர்

செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

பழையதை உடனே துடைப்பது

கழற்றிய வட்டை நான் ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதியும் கணினிக்கு உரியவர் பெயரும் எழுதி, ஒரு மாதம் அலமாரியில் வைத்திருக்கச் சொல்கிறேன். விட்டுப்போன எழுத்துருவோ வருமான வரிக் கோப்போ பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வரும். மாதம் முடிந்தபின், ஹார்ட் டிஸ்க் என்றால் விரைவு வடிவமைப்பைத் தவிர்த்து முழு வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் நீங்கள் வடிவமைக்கும் பகுதி முழுவதையும் சுழியங்களால் நிரப்பும். பழைய மடிக்கணினியைக் கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் பின்மூடியைத் திறந்து வட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். போட்ட பிறகு அந்தத் தொட்டியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.