புத்தாண்டு டைரி: முதலில் போன வருஷம், அப்புறம்தான் இலக்கு

ஜனவரி 1 அன்று புது டைரியைத் திறந்து, முதல் பக்கத்திலேயே பத்து தீர்மானங்களை எழுதிவிடுவது பலருடைய வழக்கம். பிப்ரவரியில் அந்தப் பக்கத்தைத் திருப்பவே கூச்சமாக இருக்கும். இந்தச் செய்முறையில் வரிசையை மாற்றப் போகிறோம். போன வருஷம் நிஜமாகவே எப்படிப் போனது என்று முதலில் எழுதிப் பார்ப்போம். இலக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். நான்கைந்து மாலைகள் ஒதுக்கினால் போதும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பாதியில் சலித்துவிடும்.

தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பேனா. தேதி அச்சிட்ட டைரியை விட வெறும் கோடு போட்ட நோட்டே புதியவர்களுக்கு நல்லது என்பேன். அச்சிட்ட டைரியில் ஒரு வாரம் விட்டுப்போனால் ஏழு பக்கங்கள் வெறுமையாக நின்று உறுத்தும். நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. எழுதுகிற அன்று தேதியைப் போட்டுக்கொள்ளலாம். கைபேசிதான் வசதி என்றால் அதிலேயே எழுதுங்கள், அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள்.

வேறு யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் அதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பூட்டுகிற டிராயரோ, கடவுச்சொல் போட்ட கோப்போ, எதுவானாலும் சரி. இன்னொருவர் கண் படும் என்று நினைத்துக்கொண்டே எழுதினால் உண்மை பாதிதான் வரும்.

படி 1: மாதம் மாதமாகத் திரும்பிப் பாருங்கள்

"போன வருஷம் எப்படி இருந்தது?" என்று மனசைக் கேட்டால், பெரும்பாலும் கடைசி இரண்டு மாதங்களைத்தான் அது சொல்லும். கூடவே பெரிய சண்டை ஒன்று, பெரிய சந்தோஷம் ஒன்று. ஆகவே நினைவை மட்டும் நம்பாமல் கைபேசிப் புகைப்படங்கள், காலண்டர், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் தொடங்கி ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று நான்கு வரி எழுதுங்கள்.

இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு: நடந்ததை எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள். "மார்ச்சில் சோம்பேறியாக இருந்தேன்" என்பது தீர்ப்பு. "மார்ச்சில் தினமும் இரவு ஒரு மணிக்குத்தான் படுத்தேன், நடைப்பயிற்சிக்கு இரண்டு நாள் போனேன்" என்பது நடந்தது. முதல் வரியை வைத்து உங்களைத் திட்டிக்கொள்ளலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவது வரியில் மாற்றக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது: படுக்கும் நேரம்.

மூன்றில் அதிகம் பேசுவது வங்கிக் கணக்குதான். எது முக்கியம் என்று நாம் வாயால் சொல்வதும், பணம் போய்ச் சேர்ந்த இடமும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

படி 2: கேள்வி கேளுங்கள்

எழுதிய பன்னிரண்டு மாதங்களையும் ஒருமுறை படித்துவிட்டு, இவற்றில் உங்களைத் தொடுகிற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

எது திரும்பத் திரும்ப வருகிறது? எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எதைத் தள்ளிப்போட்டேன், அதற்கு என்ன சாக்கு சொன்னேன்? யாரிடம் பேச நினைத்துப் பேசாமல் விட்டேன்?

"நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். அது ஒரே இடத்தில் சுற்ற வைக்கும். "என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?" என்று கேட்டால் பேனா நகரும்.

கனமான விஷயம் ஏதாவது மேலே வரலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் சோர்வாகத்தான் இருந்தது. உங்களுக்கும் அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். தாங்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போங்கள். அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் இந்தப் பகுதியை இந்த வருஷம் விட்டுவிடலாம். நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுவது மேல்.

படி 3: இரண்டே இலக்கு

இப்போது இலக்குக்கு வருவோம். இரண்டு போதும், ரொம்ப ஆசையாக இருந்தால் மூன்று. ஒவ்வொன்றும் படி 1இல் எழுதிய ஏதாவது ஒரு வரியிலிருந்து பிறந்திருக்க வேண்டும். அப்படி எந்த வரியையும் காட்ட முடியாவிட்டால், அது வேறு யாரோ வைத்திருக்கிற இலக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அடித்துவிடுங்கள்.

18ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்பண்புகளைப் பட்டியல் போட்டு, ஒரு சிறு நோட்டில் தினமும் தவறிய இடங்களில் புள்ளி வைத்து வந்தார். 13இலும் ஒரே சமயத்தில் அவர் மல்லுக்கட்டவில்லை. வாரத்துக்கு ஒன்றில்தான் முழுக் கவனம். ஆக வருஷத்துக்கு நான்கு சுற்று.

இலக்கை எழுதியதும் அதன் கீழே "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்ற வடிவில் ஒரு வரி சேருங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து வந்த முறை இது. எப்போது, எங்கே என்று முன்பே முடிவாகிவிட்டால், அந்த நேரத்தில் மனசோடு பேரம் பேச வேண்டியிருக்காது. "உடம்பைக் கவனிக்க வேண்டும்" என்பதோடு நிற்காமல், "வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், உட்காராமல் செருப்போடு அப்படியே அரை மணி நேரம் நடக்கப் போவேன்" என்று எழுதுங்கள். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் ஒரு வரி.

படி 4: தினமும் மூன்று வரி

இன்று நடந்த ஒன்று, இலக்குக்காகச் செய்த ஒன்று, நாளைக்கு ஒன்று. ஐந்து நிமிடம் போதும். தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். பல் தேய்த்த பிறகு என்றால் தினமும் பல் தேய்த்த பிறகுதான்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆகவே விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் ஆறு வரி எழுத வேண்டியதில்லை. வழக்கமான மூன்று வரியே போதும்.

படி 5: திரும்பப் படியுங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், அந்த வாரத்தை மட்டும் படியுங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர் மாதக் கடைசிகளில் காலண்டரில் குறித்து வைத்து, இலக்குப் பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒரு இலக்கு இனி தேவையில்லை என்று பட்டால் தாராளமாக அடிக்கலாம். ஏன் அடித்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த டிசம்பரில் படி 1 செய்யும்போது அது தேவைப்படும்.