நூலகக் கடனை யூ.எம்.எல்லில் வரைவது எப்படி: முதலில் கிளாஸ் டயகிராம், அப்புறம் சீக்வென்ஸ் டயகிராம்

நண்பர்கள் நடத்தும் சின்ன நூலகம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதியபோது வரைந்த படங்களை வைத்தே இதை விளக்குகிறேன். கிளாஸ், ஆப்ஜெக்ட், மெத்தட் எல்லாம் ஜாவாவிலோ பைத்தானிலோ பழகியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் யாக்கப்சன் மூவரும் ஆளுக்கொரு விதமாக வரைந்துகொண்டிருந்ததை ஒன்றுசேர்த்ததில் பிறந்தது யூ.எம்.எல்., அதாவது மென்பொருளின் அமைப்பையும் நடப்பையும் படமாக வரைவதற்கான பொதுக் குறியீட்டு மொழி. 1997இல் ஓ.எம்.ஜி. (ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்) என்ற தரநிலை அமைப்பு இதைத் தரநிலையாக ஏற்றது. இப்போதைய 2.5.1 பதிப்பில் 14 வகைப் படங்கள் இருக்கின்றன. பதினான்கையும் பார்த்து மலைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு போதும்: எந்தெந்தக் கிளாஸ்கள், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் கிளாஸ் டயகிராம்; ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று எந்த வரிசையில் அழைக்கின்றன என்று காட்டும் சீக்வென்ஸ் டயகிராம்.

கருவி

என் தேர்வு பிளான்ட்யூ.எம்.எல். படத்தை எழுத்தாக எழுதினால் அதுவே வரைந்து கொடுக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் நிரலோடு சேர்த்து வைக்கலாம், யார் எந்தக் கோட்டை மாற்றினார்கள் என்பது வரிவரியாகத் தெரியும். கிட்ஹப்பின் ரீட்மீ கோப்பிலேயே படம் தெரிய வேண்டும் என்றால் மெர்மெய்ட் நல்லது. ட்ரா.ஐஓவில் பெட்டிகளை இழுத்து வரைவது முதல் நாள் சுகமாக இருக்கும். நிரல் மாறும்போதெல்லாம் அதைத் திறந்து திருத்த யாருக்கும் கை வராது என்பதால் நான் விட்டுவிட்டேன்.

படி 1: கிளாஸ்களைக் கண்டுபிடிப்பது

நடப்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: “உறுப்பினர் ஒரு புத்தகத்தைக் கடனாக எடுத்து 14 நாளில் திருப்பித் தருகிறார்.” இதிலுள்ள பெயர்ச்சொற்களே கிளாஸ் ஆவதற்கான முதல் பட்டியல்.

‘புத்தகம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். திருக்குறள் உரை ஒன்று அலமாரியில் மூன்று பிரதிகளாக இருக்கிறது. தலைப்பும் பதிப்பகமும் மூன்றுக்கும் பொது. கடனாக வெளியே போவது அவற்றில் ஒரு பிரதி மட்டும். ஆகவே ‘நூல்’ ஒரு கிளாஸ், ‘பிரதி’ இன்னொன்று. ‘கடன்’ என்பதும் தனிக் கிளாஸ்தான். எடுத்த தேதியும் திருப்ப வேண்டிய தேதியும் உறுப்பினருக்கும் சொந்தமில்லை, பிரதிக்கும் சொந்தமில்லை.

ஒவ்வொரு கிளாஸும் மூன்று தட்டுள்ள ஒரு பெட்டி: மேலே பெயர், நடுவில் அட்ரிபியூட், கீழே மெத்தட். பப்ளிக்குக்கு +, பிரைவேட்டுக்கு −. கெட்டர், செட்டர்களைப் படத்தில் போடாதீர்கள், பெட்டி வீங்கிவிடும்.

படி 2: கோடுகளும் அவற்றின் முனைகளும்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

உறுப்பினருக்கும் கடனுக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் எந்த முனையில் எந்த எண்ணைப் போடுவது? இந்தப் பக்கப் பெட்டியில் ஒரே ஒரு ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டு எதிர்முனையைப் பாருங்கள். ஒரு உறுப்பினருக்கு எத்தனை கடன் இருக்கலாம்? பூஜ்யமோ பலவோ. அந்த 0..* கடன் பெட்டியின் பக்கத்தில் வரும். இப்போது அந்தப் பக்கம் போய் ஒரு கடனைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எத்தனை உறுப்பினருடையது? ஒருவருடையது. உறுப்பினர் பெட்டியின் பக்கத்தில் 1. மற்ற கோடுகளையும் இப்படியே பார்த்து, பிளான்ட்யூ.எம்.எல்லில் எழுதினால்:

உறுப்பினர் "1" -- "0..*" கடன்
பிரதி "1" -- "0..*" கடன்
நூல் "1" *-- "0..*" பிரதி

இங்கே விளங்குவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில், நிரலில் இருக்கும் அதே ஆங்கிலப் பெயர்களை வையுங்கள்.

இரண்டாவது வரியைப் பாருங்கள். ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவரிடம்தானே இருக்கும், 0..1 என்று போடக்கூடாதா? போடலாம், பழைய கடன்களை அழித்துவிடுவதாக இருந்தால். போன வருடம் இதை யார் எடுத்தார்கள் என்று நூலகர் கேட்பார் என்றால் 0..*தான். தரவுத்தளத்தில் வரலாற்றை வைத்திருக்கப்போகிறீர்களா என்ற முடிவு அந்த ஒரு முனையில் இருக்கிறது. நிரல் எழுதும் முன்பே இதை நூலகரிடம் கேட்க வைத்தது இந்தப் படம். யூ.எம்.எல். எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

மூன்றாவது வரியில் கோட்டை ஒட்டியுள்ள நட்சத்திரம் (*--) படத்தில் நிரப்பிய சாய்சதுரமாக வரும். அதுதான் கம்போசிஷன், அதாவது பகுதி முழுமைக்கே சொந்தம் என்ற உறவு. சாய்சதுரம் முழுமையின் பக்கம் இருக்க வேண்டும், இங்கே அது நூல். போடும் முன் இரண்டு கேள்விகள். இந்தப் பகுதி ஒரு நேரத்தில் ஒரே முழுமைக்குள்தான் இருக்குமா? முழுமையை நீக்கினால் பகுதியும் நீங்க வேண்டுமா? நூலின் பதிவை நீக்கிவிட்டால் பிரதியின் பதிவுக்குப் பொருளே இல்லை, ஆகவே சரி. நூலகத்துக்கும் உறுப்பினருக்கும் இது பொருந்தாது, ஒருவர் இரண்டு கிளைகளில் உறுப்பினராக இருக்கலாம்.

வெள்ளைச் சாய்சதுரம், அதாவது தளர்வான முழுமை-பகுதி உறவைக் குறிக்கும் அக்ரிகேஷன், வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அதன் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்று தரநிலையே சொல்கிறது. வெறும் கோடு போதும்.

படி 3: இன்ஹெரிடன்ஸ்

வெற்று முக்கோணம் தாய்க் கிளாஸைத் தொடும். மாணவர், ஆசிரியர் என்று உறுப்பினருக்குக் கீழே கிளாஸ்கள் போடத் தோன்றும். மாணவர் நாளைக்கு ஆசிரியரானால் அந்த ஆப்ஜெக்டின் கிளாஸை மாற்ற முடியுமா? ‘வகை’ என்று ஒரு அட்ரிபியூட் வைத்துவிடுங்கள்.

படி 4: சீக்வென்ஸ் டயகிராமால் சரிபார்ப்பது

நூலகர் ஒரு பிரதியை ஸ்கேன் செய்வதிலிருந்து வரையுங்கள். மேலே ஆப்ஜெக்ட்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலிருந்தும் கீழே ஒரு கோடு. நேரம் மேலிருந்து கீழே ஓடும். அழைப்புக்கு முழுக்கோட்டு அம்பு, திரும்பி வரும் பதிலுக்குப் புள்ளிக்கோட்டு அம்பு.

திரை, கடன் கொடுக்கும் வேலையைக் கவனிக்கும் கடன்சேவை என்ற ஆப்ஜெக்டிடம் ‘கடன் கொடு’ என்கிறது. கடன்சேவை உறுப்பினரிடம் ‘இன்னும் எடுக்கலாமா?’ என்று கேட்கிறது. அடுத்துப் பிரதியிடம் ‘வெளியே போயிருக்கிறதா?’ என்று கேட்கிறது. இரண்டும் சரி என்றால் புதுக் கடன் உருவாகிறது.

இப்போது கிளாஸ் டயகிராமைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு அழைப்பு அம்பும் எந்த ஆப்ஜெக்டைத் தொடுகிறதோ அதன் கிளாஸில் அந்த மெத்தட் இருக்க வேண்டும். ‘இன்னும் எடுக்கலாமா’ உறுப்பினர் பெட்டியில் இல்லையென்றால் சேருங்கள். கடன்சேவை என்ற கிளாஸே முதல் படத்தில் இல்லை, அதுவும் வர வேண்டும். எந்த அம்பும் தொடாத மெத்தட் பெட்டியில் இருந்தால் அது எதற்கு என்று யோசியுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த சிக்கல்கள்

சீக்வென்ஸ் டயகிராம் வருகிறது, கிளாஸ் டயகிராம் மட்டும் டாட் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடுகிறது என்றார் ஒருவர். சீக்வென்ஸுக்கு ஜாவா மட்டும் போதும். கிளாஸ் பெட்டிகளை இடம் பார்த்து அடுக்க, டாட் அடங்கிய கிராஃப்விஸ் மென்பொருள் வேண்டும், அதைத் தனியாக நிறுவுங்கள். நிறுவ முடியாத கணினி என்றால் பிளான்ட்யூ.எம்.எல்லுக்குள்ளேயே இருக்கும் ஸ்மெட்டானாவை லேஅவுட்டாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கோட்டின் மேல் தமிழில் குறிப்பு எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறதா? கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, டீஃபால்ட் எழுத்துருவாக அதைக் கொடுங்கள். கேள்விக்குறிகளாகவோ சம்பந்தமில்லாத எழுத்துகளாகவோ வந்தால் கோப்பை யூ.டி.எஃப்.-8 ஆகச் சேமித்து, பழைய ஜாவாவாக இருந்தால் ஓட்டும்போதும் அதையே கேரக்டர்செட்டாகக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, இணையத்திலுள்ள பிளான்ட்யூ.எம்.எல். சர்வரில் வரைந்தால் நீங்கள் எழுதியது முழுவதும் அந்த முகவரிக்குள்ளேயே பொதிந்துவிடும். இணைப்பு கையில் கிடைத்தவர் உங்கள் படத்தை அப்படியே பிரித்துப் படிக்கலாம். அலுவலக வேலை என்றால் சொந்தக் கணினியிலேயே ஓட்டுங்கள்.