இலவச பஸ்ஸை வைத்துக் கொள்கை ஆய்வு பழகலாம்: முதுகலை மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பில் எட்டு, பத்து வாரம் ஏதாவதொரு அரசுத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ உட்கார வைப்பார்கள். பேர் பிளேஸ்மென்ட். வீட்டில் இந்த வார்த்தையைப் பார்த்துச் சொல்லுங்கள், "சம்பளம் எவ்வளவு?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். முடிவில் ஒரு ப்ராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்களுக்காக இது.

பழகுவதற்குத் தமிழ்நாட்டில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மே 7 அன்று கையெழுத்தாகி மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பிறகு 'விடியல் பயணம்' என்று பெயர் பெற்றது. டீக்கடையில் ஆளுக்கொரு கருத்து சொல்லும் திட்டம் என்பதால் கருத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள தூரம் இதில் நன்றாகத் தெரியும்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"இலவசப் பயணம் பெண்களை முன்னேற்றியதா?" என்பது பட்டிமன்றத் தலைப்பு. "இந்தத் தாலுகாவில் காலை ஒன்பது மணிக்குள் டவுனுக்கு வேலைக்குப் போகும் பெண்களில் யாருக்குச் சலுகை எட்டவில்லை, ஏன்?" என்பது ஆய்வுக் கேள்வி. இடம், ஆள், நேரம் மூன்றும் அதில் இருக்கின்றன.

அப்புறம், பதில் யார் மேசைக்குப் போகிறது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் பஸ் டைமிங்கைப் பற்றிப் பேசலாம். எந்த பஸ் இலவசம் என்பது கோட்டையில் முடிவாகும் விஷயம். டிப்போவில் உட்கார்ந்துகொண்டு கோட்டைக்கு யோசனை எழுதினால் இரண்டு இடத்திலும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: காகிதம்

செய்தித்தாளுக்கு முன் அரசாணையைப் படியுங்கள். மலைப்பகுதிகளை விட்டால், சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். சென்னைக்காரர்கள் 'வெள்ளை போர்டு' என்பார்களே, அது. மஃப்சல் பஸ், அதாவது ஊருக்கு ஊர் ஓடும் வெளியூர் பஸ் மட்டும் நின்றுபோகும் ஊரில் இருக்கும் பெண் டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

அடுத்து, ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அதிலும் இல்லாத விவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம். பத்து வார வேலையில் முதல் வாரமே மனுவைப் போடாவிட்டால் பதில் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் படி: எண்ணை நம்புவதற்கு முன் அது எதை எண்ணுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று போகலாம். பெண்களுக்குக் கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டுகளை வைத்துத்தான் கணக்கு. அது எண்ணுவது பயணங்களை, பெண்களை அல்ல. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருபவர் ஒரு நாளில் நான்கு சீட்டு. "ஒரு லட்சம் பெண்கள் பயணம்" என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

இன்னொரு எண். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாகச் சொன்னது. பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10, மாதம் 25 நாள் என்றால் 250 ரூபாய்தான். 888 வர வேண்டுமானால் நாளுக்குச் சுமார் 35 ரூபாய் மிச்சமாக வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்களும் பஸ் மாறுபவர்களும் சராசரியைத் தூக்குகிறார்கள் போல. எண் தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் ஊரில் அந்தச் சராசரிக்குள் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

நான்காம் படி: பஸ் ஸ்டாப்

காலை ஆறு மணிக்குப் போங்கள். "திட்டம் பயனுள்ளதா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். "நேத்து எதுல போனீங்க? எவ்வளவு நேரம் நின்னீங்க? காசு கொடுத்தீங்களா?" என்று கேளுங்கள்.

என் பிளேஸ்மென்ட்டில் நான் முதல் வாரம் முழுக்க பஸ்ஸுக்குள்ளேயே பேட்டி எடுத்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். இருக்க மாட்டார்களா, பஸ் கிடைத்தவர்கள்தானே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்! என் கேள்விக்கான ஆட்கள் எதிரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் படி: வழிகளை ஒப்பிடுங்கள்

எந்த அட்டவணையிலும் முதல் வரிசை 'இப்படியே விடுவது' என்று இருக்கட்டும். அடுத்தது, நகரப் பேருந்தின் ஒரு நடையை, மஃப்சல் மட்டும் நிற்கும் ஊர் வரை நீட்டுவது. இதில் வேறு எந்த ஊர் அந்த நடையை இழக்கும் என்பதையும் எழுத வேண்டும். பஸ்ஸும் ஆளும் வானத்திலிருந்து வரமாட்டார்கள். மூன்றாவது, நகரப் பேருந்தே போகாத தடங்களில் மஃப்சலிலும் சலுகை. இது கற்பனை இல்லை: 2023 ஜூனில் கர்நாடகத்தில் வந்த சக்தி திட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் தெலங்கானாவில் வந்ததும் எக்ஸ்பிரஸ் பஸ்களையும் சேர்த்துக்கொண்டன. ஆனால் கழகங்களுக்கு இழப்பீடு தருவது அரசு. தமிழ்நாட்டில் தொடக்கத்திலேயே 1,200 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அட்டவணைக்குச் செலவு, பயன்பெறுவோர், முடிவெடுக்கும் அதிகாரி என மூன்று நெடுவரிசை போதும்.

கடைசியாக, எழுதுவது

கல்லூரிக்கு அறுபது பக்கம் கொடுங்கள், அலுவலகத்துக்கு இரண்டே பக்கம். என்ன செய்யலாம் என்பது முதல் வரியில் வரட்டும். கொடுப்பதற்கு முன் அந்தத் தடத்தில் ஓடும் கண்டக்டர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். என் வரைவைக் கேட்டுவிட்டு ஒருவர் சொன்னார்: "சந்தை நாள்ல ஏழரை வண்டி ஊருக்குள்ள வராதே தம்பி, ரோட்டுல இடம் ஏது?" என் அட்டவணையில் அந்த வண்டி ஏழு நாளும் ஓடிக்கொண்டிருந்தது.