நாலாம் நம்பரில் மட்டும் ஓடும் ப்ளோயர்

போன சித்திரையில் எங்கள் காரின் ஏசி ப்ளோயரில், அதாவது காற்றை ஊதும் ஃபேனில், 1, 2, 3 ஆகிய வேகங்கள் மூன்றும் ஒரே நாளில் நின்றுவிட்டன. 4-இல் வைத்தால் மட்டும் புயல் மாதிரி ஊதும். அன்றைக்கு அம்மாவும் கூட வந்திருந்தார். ராயபுரத்திலிருந்து பெரம்பூர் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருமி இருமி ஓய்ந்துவிட்டார். ஏசியை நிறுத்தினால் வியர்வை, போட்டால் இருமல்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். 4-இல் இவ்வளவு வேகமாக ஓடுகிற மோட்டார் எப்படிப் போயிருக்கும்? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் வண்டியிலும் இப்படியென்றால், பெரும்பாலும் போயிருப்பது ரெசிஸ்டர். 4-இல் வைக்கும்போது பேட்டரி கரன்ட் முழுதாக மோட்டாருக்குப் போகிறது. மற்ற மூன்றிலும் ரெசிஸ்டரின் கம்பிச் சுருள்கள் வழியாகக் குறைந்து போகிறது. சுருள் சூடாகும் என்பதால் அதைக் காற்று ஓடும் குழாய்க்குள்ளேயே மாட்டியிருப்பார்கள். சூடு எல்லை மீறினால் அறுந்துகொள்ள ஒரு குட்டி ஃபியூஸும் அதில் உண்டு. அது அறுந்தால் மூன்று வேகமும் சேர்ந்து போகும். குளிர் ஊர்க்காரர்கள் இதையே ஹீட்டர் ஃபேன் கோளாறு என்பார்கள். ஹீட்டருக்கும் ஏசிக்கும் ஊதுவது ஒரே ஃபேன்தான்.

திருகுகிற சுவிட்சு உள்ள வண்டிகளுக்குத்தான் நான் சொல்வது பொருந்தும். ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் உள்ளே இருக்கும் பாகமே வேறு.

சாவியை எடுத்துவிட்டு, 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். வண்டி ஓடி வந்திருந்தால் கால் மணி நேரம் ஆறவிடுங்கள், சுருள் கையைச் சுட்டுவிடும். இடப்பக்க சீட்டுக்கு முன்னால் உள்ள கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கினால் பல வண்டிகளில் அது கீழே இறங்கிவிடும். பின்னால் ப்ளோயரின் உருண்டைக் கூடு தெரியும். அதன் பக்கத்தில் நாலைந்து ஒயர் போகும் கனெக்டரோடு, பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிற தட்டுதான் ரெசிஸ்டர். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். லாக்கை அமுக்கிக் கனெக்டரைக் கழற்றுங்கள்.

வெளியே எடுத்ததும் மல்டிமீட்டரை (கரன்ட் போகும் வழி அறுந்திருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) பீப் சத்தத்தில் வைத்து ஃபியூஸின் இரு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வரவில்லையென்றால் அதுதான் கோளாறு. எனக்கு வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறு நடக்கிறது. அறுந்த ஃபியூஸுக்குக் குறுக்கே ஒரு கம்பியை வைத்து சால்டர் செய்துவிடுகிறார்கள். எல்லா வேகமும் திரும்ப வரும், உண்மைதான். ஆனால் அடுத்த முறை சுருள் பழுக்கக் காய்ந்தால் தடுக்க எதுவும் இருக்காது. சுற்றிலும் பிளாஸ்டிக், காய்ந்த சருகு. வீட்டு மனிதர்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பழைய ரெசிஸ்டரைக் கையோடு எடுத்துப்போய், கனெக்டர் மாட்டும் பின்களின் எண்ணிக்கையும் வடிவமும் ஒத்துப்பார்த்து வாங்குங்கள். நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கினேன். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் சூட்டில் வெந்து தேய்கிற பாகத்தைப் பழையதாக வாங்க எனக்கு மனம் வரவில்லை. கனெக்டர் உருகியிருந்தால் மட்டும் அங்கே ஒயரோடு வெட்டிய நல்ல கனெக்டராகப் பார்த்து வாங்கி, நிறம் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்கலாம். எங்கள் பக்கம் காசிமேட்டு உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடித்துவிடும். பிடிப்பு சரியில்லாத பின்னும் சூடாகும், அதனால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

புதியதை மாட்டும் முன் பழையது ஏன் போனது என்று பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் போகும். காற்று குறைந்தால் சுருள் ஆறாது. நான் ஏசி ஃபில்டரை உருவினேன், வரட்டி மாதிரி வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினம் ஓட்டுகிறேன், தூசி அவ்வளவும் அதில்தான் இருந்தது. தெருவில் புங்க மரத்தடியில் நிறுத்துவதால் வைப்பருக்குக் கீழே உள்ள துளை வழியாகச் சருகும் பூவும் வேறு இறங்கியிருந்தன. ஒரு கைப்பிடி எடுத்தேன். அப்புறம் ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தாலோ கிறீச்சிட்டாலோ மோட்டார் அதிக கரன்ட் இழுக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் மோட்டாரை மாற்றும் பேச்சு நியாயம். என்னுடையது சுலபமாகச் சுற்றியது.

ரெசிஸ்டரையும் புது ஃபில்டரையும் மாட்டி, பேட்டரி ஒயரை இணைத்து, கிளவ் பாக்ஸை மூடும் முன்பே 1-இலிருந்து 4 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடிகாரத்தில் நேரம் மாறியிருக்கும், சரிசெய்துகொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்கு 2-இல் வைத்து ஓட்டினேன். வியாசர்பாடி தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டார்.